வசவுக்கு ராகம் கிடைத்த கதை

ரயத்வாரி முறை வந்து ஊர் ஊராக நிலம் அளக்கப்பட்ட காலத்தில், கணக்குப்பிள்ளைகள் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு வகை எழுதினார்கள். தண்ணீர் பாய்ந்தால் நஞ்சை, வானம் பார்த்தால் புஞ்சை. இரண்டுக்கும் தீர்வை உண்டு. எதிலும் சேராத மிச்சம் ஒன்று இருந்தது. ஏரி, வாய்க்கால், மாடு மேய்ந்த மந்தைவெளி, நெல்லடித்த களம், பிணம் எரித்த இடம், கடலோரத்து உப்பங்கழி. யாரிடமும் பட்டா இல்லை, சர்க்காருக்குத் தம்பிடி வரவில்லை, ஆனால் ஊரில் எல்லாருடைய காலும் அதில்தான் பட்டது. தீர்வைக் கணக்குக்குப் புறத்தே போனதால் அது புறம்போக்கு. பழைய தமிழ்ச் சொல். ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு என்று பதிவேட்டில் எழுதிய கணக்கர் மனதில் இகழ்ச்சி ஏதும் இல்லை. நாளாக ஆக, வருமானம் தராத நிலம் உதவாத நிலமானது, உதவாத நிலம் உதவாத மனிதனானது. சிக்னலில் ஆட்டோவை உரசிவிட்டுப் போனவனைத் திட்ட முதலில் வாயில் வந்த சொல்லாக அது மாறியபோது, அசல் பொருள் என்ன என்று கேட்க ஆளில்லை. அந்தச் சொல் மறுபடி தலைநிமிர்ந்தது ஒரு படத்தில். அதன் கதைக்கு ஜப்பானில் ஒரு தாய் போட்ட கூச்சலிலிருந்து போனால்தான் ருசி.

1965-ல் நோரியாக்கி சுச்சிமோட்டோ என்ற இயக்குநர் தொலைக்காட்சிக்கு ஓர் ஆவணப்படம் எடுக்க மினமாட்டாவில் போய் இறங்கினார். கியூஷூ தீவின் கடலோர ஊர். சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை வைத்ததுதான் அங்கே சட்டம். ஆலைக் கழிவோடு கடலுக்குப் போன பாதரசம் மீனில் ஏறியது. மீனைத் தின்ற பூனைகள் பித்துப் பிடித்துச் சுழன்றன, பிறகு மனிதர்களின் கைகால்கள் கோணின. 1956 மே மாதம் ஆலையின் சொந்த மருத்துவமனையே இந்த விநோத நோயை அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டது. ஒன்பது ஆண்டுகள் கழிந்தும் அரசு ஆலையைக் கைகாட்டவில்லை. ஆலைச் சோறு தின்ற ஊரோ, நோய் கண்ட மீனவக் குடும்பங்களோடு புழங்குவதையே நிறுத்தியிருந்தது. கேமராவோடு அந்தக் குப்பத்துக்குள் நுழைந்த சுச்சிமோட்டோவைப் பார்த்து ஒரு தாய் வெடித்தாள். கேட்காமல் கொள்ளாமல் தன் பிள்ளையைப் படமெடுத்துவிட்டான் என்று அவள் போட்ட கூச்சலில் அவர் நிலைகுலைந்து போனார். எப்படியோ அந்த நிகழ்ச்சியை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவர், ஐந்து ஆண்டுகளுக்கு மினமாட்டாப் பக்கம் தலைவைக்கவில்லை.

1970-ல் திரும்பி வந்தார். இந்த முறை குப்பத்திலேயே தங்கி, மனிதர்களிடம் பழகிய பிறகே கேமராவை எடுத்தார். ஆலை மீது வழக்குப் போட்டிருந்த குடும்பங்களின் வீடு வீடாக ஏறி உட்கார்ந்தார். நோயைப் படமெடுக்கப் போனவருக்கு வாழ்க்கை சிக்கியது. ஒரு கிழவர் ஆழமில்லாத கடலுக்குள் நடந்துபோய், பேய்க்கணவாயை ஈட்டியால் குத்திப் பிடித்து, அதன் இரு கண்களுக்கும் நடுவே பல்லால் ஒரு கடி கடித்தார். எட்டுக் கைகளும் தளர்ந்தன. ஏதோ வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவது போலச் செய்துவிட்டு அடுத்ததைத் தேடிப் போனார். நஞ்சேறிய கடல் என்று உலகம் சொன்ன இடம் அவருக்கு வீட்டுக் கொல்லை. அதே படத்தின் கடைசிப் பகுதியில் நோயாளிகள் ஆளுக்கு ஒரு பங்கு வாங்கிக்கொண்டு, யாத்திரிகர்களின் வெள்ளை உடையில், ஒசாகாவில் நடந்த சிஸ்ஸோவின் பங்குதாரர் கூட்டத்துக்குள் நுழைந்து தலைவரை நேருக்கு நேர் மடக்கினார்கள். 1971-ல் வெளியான 'மினமாட்டா' அப்புறம் ஊர் ஊராகப் போனது. 1977-ல் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷிரனூய் கடலோரக் குப்பங்களுக்கே போய்ப் படம் காட்டினார் சுச்சிமோட்டோ. மீனவர் வாழ்க்கையை எப்படிப் படமெடுப்பது என்பதற்கு ஆசியாவுக்கு ஒரு பாடம் கிடைத்துவிட்டது. அதைப் படித்திருக்க வேண்டிய இன்னொரு கடலோரத்தில், சுச்சிமோட்டோ மினமாட்டாவுக்குத் திரும்பிய அதே 1970-ல், ஒரு புகைபோக்கி புகைய ஆரம்பித்தது.

எண்ணூர் அனல் மின் நிலையம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தாண்டி, கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் சேர்ந்து கடலைத் தொட்ட கழியின் தென்கரை அது. வெள்ளைக்காரர் காலத்தில் மெட்ராஸ் துரைமார்கள் காற்று வாங்கப் போன இடம். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைவீதிக்குப்பம் என்று அதன் கரையில் வரிசையாகக் குப்பங்கள். கடலுக்குப் போனவர்கள் போக, கழியை மட்டுமே நம்பியவர்களும் இருந்தார்கள். மடவை, இறால், நண்டு. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைப் பாடு முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். பழவேற்காடு வரை நீண்ட இந்த நீரில் இறால் பிடித்த இருளர் பெண்களுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. மார்பளவு தண்ணீரில் குந்தி நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவுவார்கள். இறால் துள்ளினால் ஒரே அமுக்கு. பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலைப் பறி, அதைக் கவ்விப் பிடித்திருக்கப் பற்கள். மினமாட்டாக் கிழவர் பல்லால் கடித்த அதே காலத்தில் இங்கேயும் பல்லால் கடித்துத்தான் பிழைத்தார்கள். படமெடுக்கத்தான் யாரும் வரவில்லை.

பதிலுக்குச் சாம்பல் வந்தது. நிலக்கரியை எரித்தால் மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்குத் தள்ளுவது மின் நிலையங்களின் வழக்கம். 1990-களில் கழிக்கு வடக்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் எழுந்தது, அதற்கு நிலக்கரி இறக்க 2001-ல் எண்ணூர் துறைமுகம் திறந்தது, பிறகு வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. ஆற்றுக்குக் குறுக்கே ஓடிய சாம்பல் குழாய்கள் ஒழுகின. ஒழுகியது ஆற்றின் அடியில் படிந்தது. ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்கூட நிற்கவில்லை என்று மீனவர்கள் மனுவுக்கு மேல் மனு எழுதினார்கள். பதில் வரவில்லை. கழி யாருடைய பட்டாவும் இல்லை. பதிவேட்டில் அது புறம்போக்கு. கேட்பாரில்லாத அந்தக் கழியின் பக்கம் நகரத்தைத் திருப்பிய சங்கிலியின் முதல் கண்ணி, கடலே கண்ணில் படாத ஒரு மலையில், பழைய சாமான் கடை ஒன்றில் கிடந்தது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இருந்த காய்ச்சல் பார்க்கும் வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1980-களில் கொடைக்கானலுக்குக் குடிபெயர்ந்திருந்தது. பின்னாளில் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள பழைய சாமான் கடையில் உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடப்பதை ஊர்க்காரர்களும் சூழலியல் ஆர்வலர்களும் கண்டுபிடித்தார்கள். வெறும் கண்ணாடி என்று நினைத்தால், உள்ளே பாதரச மணிகள் உருண்டன. மினமாட்டாவைச் சிதைத்த அதே பாதரசம். ஆலை அந்த ஆண்டே மூடப்பட்டது. ஆனால் முன்னாள் தொழிலாளர்களின் உடல்நலக் கோரிக்கை மனு, ஆர்ப்பாட்டம், உயர் நீதிமன்றம் என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தது. தொழிலாளர்கள் பாதிக்கப்படவில்லை என்பதில் நிறுவனம் உறுதியாக நின்றது. இந்தப் பிரச்சாரத்தில் தொடக்கம் முதல் இருந்தவர்களில் ஒருவர் நித்யானந்த் ஜெயராமன். பதினான்கு ஆண்டுகள் அறிக்கை எழுதிச் சலித்த நேரத்தில், மூன்று நிமிடச் சமாச்சாரம் ஒன்று வந்தது.

2015 ஜூலை இறுதியில் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப், அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜின் மெட்டு ஒன்றில் கொடைக்கானல் கதையை ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். படமாக்கியவர் ரதீந்திரன் பிரசாத். காணொலி லட்சக்கணக்கானவர்களிடம் பரவி, நிக்கி மினாஜே அதைப் பகிரும் அளவுக்குப் போனது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டால்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது, வழக்கு ஏற்கெனவே பத்தாண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. இருந்தாலும் பதினான்கு ஆண்டு அறிக்கைகள் பெறாத காதுகளை மூன்று நிமிடம் பெற்றதை நித்யானந்தும் ரதீந்திரனும் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. அடுத்த பாட்டு எது என்ற கேள்விக்கு வானமே பதில் கொட்டியது.

2015 டிசம்பர் 1 இரவு சென்னை மூழ்கியது. ஏரிக்குள் கட்டிய வீடு, சதுப்பு நிலத்துக்குள் கட்டிய கம்பெனி, வாய்க்கால் மேல் போட்ட சாலை எல்லாம் ஒரே இரவில் தாங்கள் யார் என்று காட்டிக்கொடுத்தன. பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரி கொசஸ்தலை வழியாகக் கடலுக்கு இறங்க வேண்டிய வாசல் எண்ணூர்க் கழி. அந்த வாசலில்தான் சாம்பல் மேடு தட்டியிருந்தது. அடைபட்ட வாய்க்கால்களுக்கும், சாம்பல் தட்டிய கழிக்கும் பதிவேட்டில் ஒரே பெயர்தான் இருந்தது. ஆனால் சாம்பலைப் படமெடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு சங்கடம் தெரிந்திருக்கும். வெள்ளம் திரையில் மிரட்டும், பாதரசம் மின்னும். சாம்பல் சும்மா கிடக்கும். மீனவர் ஒருவரை நிறுத்தி அழுகையைக் கேட்டு வாங்கலாம், அது மினமாட்டாத் தாய் விரட்டிய வகைப் படம். வேறு ஏதாவது வேண்டும். அது நகரத்தின் மறுகோடியிலிருந்து வந்தது.

பெசன்ட் நகர்ப் பக்கத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம் என்றொரு மீனவர் குடியிருப்பு. 2015 தொடக்கத்தில் அங்கே ஒரு விழா நடந்தது. சபாக்களில் மட்டும் கேட்ட சங்கீதத்தைக் குப்பத்து மேடையில் ஏற்றியவர்களில் நித்யானந்தும் உண்டு, கர்னாடக சங்கீத வித்வான் டி.எம். கிருஷ்ணாவும் உண்டு. அதே ஆண்டு டிசம்பர் சீசன் கச்சேரிகளிலிருந்து விலகுவதாகக் கிருஷ்ணா அறிவித்ததும், மறு ஆண்டு அவருக்கு ராமோன் மக்சேசே விருது கிடைத்ததும் வேறு கதை. தென் சென்னைக் குப்பத்தில் தொடங்கிய சிநேகம் வட சென்னைக் கழிக்கு வந்து சேர்ந்தது. பாட்டு எழுதும் வேலை கபேர் வாசுகி கைக்குப் போனது. சினிமாவுக்கு வெளியே தானே எழுதித் தானே பாடிக்கொண்டிருந்த இளைஞர். அவர் எடுத்துக்கொண்ட மொழி மெட்ராஸ் பாஷை. எடுத்துக்கொண்ட சொல், எல்லாரும் வசவு என்று நினைத்த அந்தச் சொல்.

திரைக்கு அந்தச் சொல் புதிதல்ல. 2015-லேயே எஸ்.பி. ஜனநாதன் தன் படத்துக்குப் 'புறம்போக்கு என்கிற பொதுவுடமை' என்று பெயர் வைத்திருந்தார். ஆனால் அதை ராகத்தில் பாடிவிட முடியுமா? ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக மெட்டமைத்துக் கொடுத்தார். ஆனந்தபைரவி, பேகடா, ஹமீர்கல்யாணி என்று சபாக்காரர்களின் செல்ல ராகங்கள் வரிசையாக வந்தன. தியாகராஜரின் தெலுங்கில் பழகிய கமகங்கள் கொச்சைத் தமிழின் இழுப்புக்கு வளைந்து கொடுக்குமா என்ற சந்தேகம் எந்தப் பாடகருக்கும் வரும். வளைந்து கொடுத்தன. கொஞ்சம் அதிகமாகவே, அழகாகவே.

இங்கே ஒரு முணுமுணுப்பைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. எண்ணூருக்கும் ராயபுரத்துக்கும் சொந்தமாக ஒரு பாட்டு இருக்கிறது. சாவு வீட்டிலும் சுடுகாட்டிலும் பிறந்த கானா. அந்த மண்ணின் துக்கத்தை அந்த மண்ணின் கானாக்காரர் பாடியிருந்தால் மயிலாப்பூர் திரும்பிப் பார்த்திருக்குமா? பார்த்திருக்காது என்பதுதான் இந்தப் படத்தின் சாமர்த்தியமும் நம் ஊரின் லட்சணமும். கேட்க மறுத்த காதுகள் எந்தப் பாட்டுக்குத் திறந்தனவோ அந்தப் பாட்டிலேயே ஊசியை வைத்தார்கள்.

ரதீந்திரன் பிரசாத் கேமராவைக் கழிக்குக் கொண்டுபோனார். ஜிப்பாவும் ஜரிகை வேட்டியும் மைக்கும் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் வெளி. வித்வானின் முகத்தில் தூசி வடிகட்டும் கவசம். சுருதி சேர வேண்டிய மூச்சுக்கே பாதுகாப்புத் தேவைப்பட்டது. பின்னால் புகைபோக்கிகள், கால்மாட்டில் ஒரு காலத்தில் ஆறாக இருந்த சேறு. நுரையீரலை நம்பிப் பிழைத்தவரை அந்தக் காற்றில் நிறுத்தியதிலேயே சொல்ல வேண்டியது பாதி முடிந்துவிட்டது. சாம்பலுக்குத் திரையில் நடிக்கத் தெரியாது என்ற சங்கடமும் அங்கேயே தீர்ந்தது. யாரையும் அழ வைக்கவில்லை. வெள்ளம் வந்த கதையையும் கழி போன கதையையும் ராகம் ராகமாகச் சொல்லி, சிந்துபைரவியில் இறங்கினார் கிருஷ்ணா. மொத்தம் ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேலே.

2017 ஜனவரி 14, பொங்கல் நாள். 'சென்னை புறம்போக்கு பாடல்' வெளியானது.

மாமிகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும் கல்லூரி விடுதிகளிலும் ஒரே நேரத்தில் சுற்றிய கர்னாடகப் பாட்டு அதற்கு முன் எத்தனை இருந்திருக்கும்? சபா ரசிகர்களில் சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் ராகங்களைப் பெயர் சொல்லி எண்ணினார்கள். அகராதியை எடுத்துப் பார்த்தவர்கள் அந்தச் சொல்லின் அசல் பொருளைக் கண்டு வெட்கப்பட்டார்கள். மூன்று நாள் கழித்துக் கடற்கரையில் இளைஞர்கள் கூடத் தொடங்கினார்கள், ஜல்லிக்கட்டுக்காக. ஒரு வாரம் தமிழ்நாடு முழுவதும் வேறு எதையும் பேசவில்லை. எண்ணூர் மறுபடி மறந்துபோகும் போலிருந்தது. ஆனால் ஜனவரி 28 விடியலுக்கு முன், எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயுவை இறக்கிவிட்டுக் கிளம்பிய பி.டபிள்யூ. மேப்பிள், எண்ணெய் ஏற்றி வந்த டான் காஞ்சிபுரம். கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் களியாக ஒதுங்கியது. அள்ள நவீன இயந்திரம் எதுவும் சரியாக வேலை செய்யவில்லை. கடைசியில் தொண்டர்களும் தொழிலாளர்களும் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளியால் அள்ளிக் கைமாற்றிக் கரையேற்றினார்கள். பதினான்கு நாளுக்கு முன் பாட்டில் கேட்ட ஊர் எது என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

அடுத்த மாதமே, பெயரைக் கேட்டாலே முகம் திருப்பும் இன்னொரு படம் வந்தது. மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்'. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு மதுரைத் துப்புரவுப் பெண் தொழிலாளி ஒருவரைப் பற்றி அமுதன் எடுத்த படத்தின் பெயர் 'பீ'. யாரும் பார்க்க விரும்பாத மனிதர்களைப் படமெடுத்த தமிழ்க்காரர்கள், யாரும் சொல்ல விரும்பாத சொல்லைத் தலைப்பாக வைத்தார்கள். அதில் ஒரு வேடிக்கை. கக்கூஸ் டச்சு மொழியிலிருந்து வந்த சொல் என்பார்கள். அந்த டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டியது இதே கழியின் வடகோடியில், பழவேற்காட்டில்.

2017-ல் இன்னும் சில சங்கதிகள் நடந்தன. 1970-ல் புகைய ஆரம்பித்த எண்ணூர் அனல் மின் நிலையம் மார்ச் 31 அன்று மூடப்பட்டது, பாட்டால் அல்ல, மூப்பால். 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில் இருந்த கழி, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வாங்கிய இன்னொரு வரைபடத்தில் காணாமல் போயிருந்ததை எண்ணூர்ப் பிரச்சாரக் குழுவினர் வெளியிட்டார்கள். தீர்வைக் கணக்குக்குப் புறத்தே போன நிலம் வரைபடத்துக்கும் புறத்தே போயிருந்தது. அக்டோபரில் ஒரு விடிகாலையில் கமல் ஹாசன் வந்து கழியைப் பார்த்துவிட்டுப் போனார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிக்குள் இறங்கியது. காட்டுக்குப்பத்து மீனவர்கள் படகில் போய் அதை அள்ளினார்கள். இந்த முறையும் வாளியால்தான்.